குறும்பயணக் கச்சேரி: அழைப்பு முதல் கணக்கு முடிக்கும் வரை

வெளிநாட்டுப் பண்பாட்டு விழாவில் ஒரே ஒரு கச்சேரி செய்துவிட்டுத் திரும்பும் பயணம், இரண்டு மாதச் சுற்றுப்பயணத்தைவிடக் கடினமானது. சுற்றுப்பயணத்தில் முதல் ஊரில் மைக் சரியில்லையென்றால் அடுத்த ஊரில் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். தூக்கம் கெட்டாலும் மூன்றாவது கச்சேரிக்குள் உடம்பு தேறிவிடும். வாத்தியத்தில் பழுது வந்தால் இடையில் ஒரு நாள் கிடைக்கும். குறும்பயணத்தில் இந்த அவகாசம் எதுவும் இல்லை. இறங்கிய இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மேடை, மறுநாள் விமானம். ஆகவே வேலையில் பெரும்பகுதி ஊரிலேயே, புறப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து செல்லும் நான்கைந்து பேர் கொண்ட கர்நாடக இசைக் குழுவை மனத்தில் வைத்தே இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. நாகஸ்வரம், பறை, கிராமியக் கலைக் குழுக்களுக்குத் தனியாகத் தெரிய வேண்டியவை அந்தந்த இடத்தில் சொல்லப்படுகின்றன.

அழைப்பும் விழாவின் தன்மையும்

அழைப்பு வந்ததும் முதலில் அறிய வேண்டியது அது எந்த வகை விழா என்பதே. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 1978 முதல் நடந்துவரும் கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனையில் முன்வரிசையில் இருப்பவர்கள் ராகம் தெரிந்த, தாளம் போடுகிற ரசிகர்கள். மார்கழிக் கச்சேரிகளுக்காகச் சென்னை வந்துபோகிறவர்களும் அவர்களில் உண்டு. ஸ்காட்லாந்தின் எடின்பரோ சர்வதேச விழாவோ வேறு வகை. 1963இல் எம்.எஸ். சுப்புலட்சுமி அங்கே பாடியபோதும் அதே விழாவில் பாலசரஸ்வதி ஆடியபோதும் எதிரே இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தக் கலையை முதன்முறையாகக் கண்டவர்கள். திறந்தவெளியில் பல மேடைகள் போட்டு நடத்தும் ‘வோமட்’ போன்ற உலக இசை விழாக்களில் ரசிகர்கள் நின்றுகொண்டு கேட்பார்கள், பாதியில் அடுத்த மேடைக்கும் நகர்வார்கள். சிங்கப்பூர் எஸ்பிளனேட் அரங்கின் ‘கலா உத்சவம்’ ராகம் தெரிந்தவர்களின் விழாவுக்கும் புதியவர்களின் விழாவுக்கும் நடுவே நிற்கும். பாடும் நேரம், உருப்படித் தேர்வு, அறிவிப்பின் மொழி, எடுத்துப் போகும் வாத்தியம் எல்லாம் இதைப் பொறுத்தே மாறும்.

அரசு வழியாகப் போகும் குழுக்களின் நடைமுறை வேறு. 1950இல் தொடங்கப்பட்ட இந்தியப் பண்பாட்டு உறவுகளுக்கான கவுன்சில் (ஐ.சி.சி.ஆர்.) தன் பட்டியலில் உள்ள கலைஞர்களை வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. பட்டியலில் சேர முன்கூட்டியே விண்ணப்பித்துத் தேர்வு பெற்றிருக்க வேண்டும். அழைப்பு வந்த பிறகு ஓடுவதில் பயன் இல்லை. தனியார் சபாவோ கோவிலோ தமிழ்ச் சங்கமோ அழைத்தால் எல்லாப் பொறுப்பும் அழைத்தவருக்கும் குழுத் தலைவருக்கும் இடையிலான எழுத்தைப் பொறுத்தது. வாட்ஸாப்பில் வரும் “வாங்க சார், எல்லாம் பார்த்துக்கிறோம்” அழைப்பு ஆகாது. நிகழ்ச்சியின் நாள், இடம், குழுவினர் ஒவ்வொருவரின் பெயர், சன்மானம், பயணச் செலவையும் தங்கும் செலவையும் ஏற்பவர் யார் என்பதெல்லாம் அமைப்பின் முகவரியும் கையெழுத்தும் உள்ள கடிதத்தில் வர வேண்டும். விசா அலுவலகம் கேட்பதும் அந்தக் கடிதத்தைத்தான்.

பெயர், பாஸ்போர்ட், விசா

தமிழ்க் கலைஞர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக இடறும் இடம் பெயர். மேடையில் ஒருவர் ஊர்ப் பெயரோடும் தலைப்பெழுத்தோடும் அறியப்பட்டிருப்பார். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிந்து குடும்பப் பெயராக நிற்கும், அல்லது ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும். விழா அழைப்பிதழில் ஒரு பெயரும் விசா விண்ணப்பத்தில் வேறொரு பெயரும் இருந்தால், பத்திரிகை விமர்சனங்களும் விருதுச் சான்றுகளும் விண்ணப்பித்தவருடையவைதாமா என்ற கேள்வி எழும். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை முன்பே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை வருகை விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. துபாய் நிகழ்ச்சிக்குச் செல்லும் குழுவில் அப்படி ஒருவர் இருந்தால், பாஸ்போர்ட்டைத் திருத்தும் வேலை விசாவுக்கு முன்னால் வர வேண்டும்.

நாகஸ்வரம், தவில், கிராமியக் கலைக் குழுக்களில் பத்தாம் வகுப்பு முடிக்காத மூத்த கலைஞர்கள் உண்டு. அவர்களுடைய பாஸ்போர்ட் ‘ஈ.சி.ஆர்.’ வகையாக இருக்கலாம். வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலை விசாவில் செல்லும்போது இவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவை. விசா எந்த வகை என்பதைப் பார்க்காமல் விமான நிலையம் சென்று, குழுவில் தவில்காரரை மட்டும் விட்டுவிட்டுப் போக நேர்ந்தால் அந்தக் கச்சேரியே இல்லை. எல்லோருடைய பாஸ்போர்ட்டும் திரும்பும் நாளுக்குப் பின் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பதைப் பொது விதியாகக் கொள்ளலாம்.

விசாவில் நாட்டுக்கு நாடு வேறுபாடு மிகுதி. அமெரிக்காவில் சன்மானம் பெற்றுப் பாட, சுற்றுலா விசா செல்லாது. மரபுக் கலைகளை நிகழ்த்துவோருக்கு அங்கே ‘பி-3’ என்ற வகை உண்டு. இதற்கு விண்ணப்பத்தைத் தொடங்குபவர் கலைஞர் அல்லர். அமெரிக்காவிலுள்ள அமைப்பாளர் ‘ஐ-129’ படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அதோடு தொழிற்சங்கம் ஒன்றின் கருத்துக் கடிதம், கலையின் மரபுத் தன்மையை விளக்கும் நிபுணர் கடிதங்கள், விமர்சன நறுக்குகள் எல்லாம் சேரும். தமிழ் விமர்சனங்களை மொழிபெயர்த்து இணைக்க வேண்டும். நிகழ்ச்சிக்கு ஓராண்டு முன்பிருந்தே தாக்கல் செய்யலாம். மனு ஏற்கப்பட்ட பிறகுதான் சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். இரண்டும் சேர்ந்து பல மாதம் பிடிக்கும் என்பதால் சித்திரையில் கச்சேரி என்றால் முந்தைய ஆவணியிலேயே காகித வேலை தொடங்குவது உத்தமம். தொழில்நுட்ப உதவியாளர் போன்ற துணைப் பணியாளர்களுக்கு ‘பி-3எஸ்’ என்று தனி மனு உண்டு.

பிரிட்டனில் வழிகள் மூன்று. அமைப்பாளர் உரிமம் பெற்றவராக இருந்தால் படைப்புக் கலைஞர்களுக்கான தற்காலிக வேலை விசா கிடைக்கும். இல்லையென்றால், அங்குள்ள கலை அமைப்பின் அழைப்போடு செல்லும் முழுநேரக் கலைஞர், ஊதியம் பெறும் நிகழ்ச்சியை வருகையாளர் விசாவிலேயே, வந்திறங்கிய 30 நாளுக்குள் நடத்தலாம். இந்த ஏற்பாடு முன்பு தனி விசாவாக இருந்து 2024 ஜனவரி இறுதியில் வருகையாளர் விசாவோடு இணைக்கப்பட்டது. மூன்றாவதாக, அரசு வெளியிடும் சலுகை பெற்ற விழாக்களின் பட்டியல் ஒன்று உண்டு. அழைத்த விழா அந்த ஆண்டின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த வழியில் போனாலும் இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் விசா வாங்கித்தான் போக முடியும்.

ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை தங்கும் குறுகிய விசாவுக்கு 6 மாதம் முன்பிருந்து, குறைந்தது 15 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆனால் ஊதியம் பெற்றுப் பாடும் அனுமதியை ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படியே தருகிறது. பாரிஸில் செல்லுபடியாகும் ஏற்பாடு பெர்லினிலும் செல்லும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மலேசியாவில் வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு ‘புஸ்பால்’ குழுவின் ஒப்புதலை அமைப்பாளர் வாங்க வேண்டும். விதிகள் ஆண்டுதோறும் மாறுவதால், சென்ற முறை போய்வந்த நண்பரின் அனுபவத்தை வழித்துணையாகக் கொள்ளலாம். முடிவை அந்தந்த அரசின் இணையதளத்தைப் பார்த்தே எடுக்க வேண்டும்.

கலைக்குழு என்ற பெயரில் கலைஞர் அல்லாதவர்களை வெளிநாட்டுக்குக் கடத்திக் கொண்டுபோன வழக்குகள் நடந்திருக்கின்றன. அதனால் நேர்காணலில் அதிகாரி வாத்தியத்தைப் பற்றிக் கேட்டாலும், நாலு அடி பாடிக்காட்டச் சொன்னாலும் அதை அவமதிப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. தம்புரா போடத் தெரியாத உறவினரைத் தம்புராக் கலைஞர் என்று எழுதிச் சேர்ப்பவர், குழுவில் உள்ள எல்லோருடைய எதிர்கால விசாக்களையும் பணயம் வைக்கிறார்.

ஒப்பந்தமும் வரியும்

சன்மானத் தொகையை எழுதும்போதே அது வரிக்கு முந்தையதா, வரி போகக் கையில் வருவதா என்பதையும் எழுத வேண்டும். இந்த ஒரு சொல் விடுபட்டதால் கசந்துபோன உறவுகள் பல. அமெரிக்காவில் வெளிநாட்டுக் கலைஞரின் வருவாயில் 30 விழுக்காடு பிடித்துக்கொள்வது பொது விதி. செலவுகளைக் காட்டிப் பிடித்தத்தைக் குறைக்க வருமான வரித் துறையோடு உடன்பாடு செய்துகொள்ள வழி உண்டு. அதற்கான விண்ணப்பம் முதல் நிகழ்ச்சிக்குக் குறைந்தது 45 நாள் முன் போய்ச் சேர வேண்டும். பிரிட்டனில் பிடித்தம் 20 விழுக்காடு. சிறு தொகைகளுக்கு விலக்கு உண்டு. இந்தியாவோடு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உள்ள நாடுகளில் பிடித்த வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம். அதற்கு வரி பிடித்த சான்று கையில் வேண்டும். மேடையை விட்டு இறங்கும்போதே இதைக் கேட்டு வாங்க ஏற்பாடு செய்யாதவர், பிறகு ஆறு மாதம் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருப்பார்.

பதிவு உரிமையைப் பற்றி ஒரு பத்தி ஒப்பந்தத்தில் அவசியம். நேரலை மட்டுமா, யூடியூபில் நிரந்தரமாக இருக்குமா, ஒலித்தட்டாக வெளியிடுவார்களா என்பது மூன்று தனிக் கேள்விகள். பக்கவாத்தியக்காரர்களின் சம்மதமும் அதில் இருக்க வேண்டும். அவர்களுக்கும் அது சொந்தக் கலைதான். பல நாடுகளில் அமைப்பாளர்கள் பதிப்புரிமைச் சங்கத்துக்குப் பாடல் பட்டியல் கொடுப்பார்கள். மும்மூர்த்திகளின் கீர்த்தனைகளுக்குப் பதிப்புரிமை இல்லை. 1973இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்களுக்கு இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் மறைவுக்குப் பின் 60 ஆண்டு என்ற கணக்கில், 2033 முடியும் வரை உரிமை உண்டு. எனவே பட்டியலில் இயற்றியவர் பெயரைத் தவறாமல் எழுதிக் கொடுக்க வேண்டும்.

வாத்தியங்கள்

குறும்பயணத்தின் வெற்றி தோல்வியில் பாதி வாத்தியப் பெட்டிக்குள் இருக்கிறது. வயலின்காரருக்குக் கவலை குறைவு. அமெரிக்க நிறுவனங்களின் விமானங்களில், ஏறும் நேரத்தில் மேல்தட்டில் இடம் இருந்தால் வயலின் போன்ற சிறு வாத்தியத்தைக் கைப்பையாக ஏற்க வேண்டும் என்று 2015 முதல் விதியே இருக்கிறது. ‘இடம் இருந்தால்’ என்பதுதான் முக்கியம்; முன்வரிசை அழைப்பில் ஏறிக்கொள்வது பாதுகாப்பு. தந்திகளைச் சற்றே தளர்த்தினால் போதும். முழுக்கக் கழற்றினால் உள்ளே நிற்கும் சிறு மரத்தூண் சரிந்துவிடும்; அதை நிமிர்த்த வெளியூரில் ஆள் தேட வேண்டியிருக்கும்.

வீணையின் நிலைமை வேறு. ஒரே மரத்தில் குடைந்த தஞ்சாவூர் ஏகாண்ட வீணை நாதத்தில் உயர்ந்தது, பயணத்துக்கு ஏற்றதன்று. குடமும் தண்டியும் தனித்தனியாகக் கழன்று திருகாணியில் பூட்டிக்கொள்ளும் வீணையே விமானத்துக்கு உரியது. நீளம், அகலம், உயரம் மூன்றும் கூடி 158 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பெட்டிக்குப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் தனிக் கட்டணம் கேட்கும், கழற்றாத வீணைப் பெட்டி அந்த அளவைத் தாண்டிவிடும். வீணையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று மெழுகு. 24 பித்தளை மெட்டுகளும் கருமெழுகில் பதிந்து நிற்கின்றன. தோஹாவிலோ துபாயிலோ விமானம் மாறும்போது, கோடை நண்பகலில் பெட்டி ஓடுதளத்து வெயிலில் அரைமணி கிடந்தால் மெழுகு இளகும். மெட்டு ஒரு மயிரிழை சாய்ந்தாலும் அந்த ஸ்வரம் கெடும். சரிசெய்ய மேளம் கட்டத் தெரிந்தவர் வேண்டும். அவர் தஞ்சாவூரில் இருக்கிறார். ஆகவே வெயில் காலத்தில் இரவில் மாறும் விமானத்தைத் தேர்ந்தெடுப்பதும், பெட்டிக்குள் தடித்த வெப்பத்தடுப்பு விரிப்பு இடுவதும், சிறிது மெழுகும் ஒரு சிறு இரும்புத் தகடும் உடன் வைத்துக்கொள்வதும் வீணைக் கலைஞருக்குக் கட்டாயம். பொருள்வசதி உள்ள குழு இன்னொரு இருக்கைக்குச் சீட்டு வாங்கி வீணையை உட்கார வைத்தே அழைத்துப் போகலாம்.

மிருதங்கம் தோல் வாத்தியம். காற்றின் ஈரம் அதன் சுருதியைத் தீர்மானிக்கிறது. சென்னையின் ஈரக் காற்றில் ஒன்றரைக் கட்டைக்கு நிற்கும் வலந்தலை, குளிர்காலத்தில் சூடேற்றிய அமெரிக்க அரங்கின் வறண்ட காற்றில் இறுகி ஏறிவிடும். ஏற்கெனவே இழுத்துக் கட்டிய தோல் கிழிவதும் உண்டு. புறப்படும் முன் மூட்டைத் தட்டி வாரைச் சற்றுத் தளர்த்தி, பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறந்து, கச்சேரி நடக்கும் அரங்கின் காற்றிலேயே சில மணி நேரம் விட்டு வைத்த பிறகே சுருதி சேர்க்க வேண்டும். ஆண் குரலுக்குத் தக்கு, பெண் குரலுக்கு ஹெச்சு என்று இரண்டு மிருதங்கம் தேவைப்படும் கச்சேரி என்றால் இரண்டும் போக மாற்று ஒன்று வேண்டும். நாரிழைக் கட்டையில் நட்டு போல்ட்டு வைத்து முறுக்கும் மிருதங்கத்தைப் பயணத்துக்கென்றே சிலர் வைத்திருக்கிறார்கள். நாதம் சற்றுக் குறைந்தாலும், ஒரு நாள் பயணத்தில் அது தரும் நிம்மதி பெரிது. சுருதி சேர்க்கும் கூழாங்கல்லும் மரக்கட்டையும் கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும். சரக்குப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். தொப்பியில் ஒட்டும் ரவை எந்த ஊரிலும் கிடைக்கும் என்று நம்பாமல், கால் கிலோவை உறையோடு எடுத்துக்கொள்வது வழக்கம்.

கடத்தைச் சுருதி மாற்ற முடியாது. பாடகர் எந்தக் கட்டையோ அந்தக் கட்டைக்குரிய கடமே போக வேண்டும். அதை மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்வதே சரி. மானாமதுரைக் கடம் கனமானது, தரையில் பட்டால் தப்பாது. கஞ்சிராவில் சட்டம் குறுக்கே நிற்கிறது. அதற்கு மரபாகப் போர்த்துவது உடும்புத் தோல். உடும்பு, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையிலும், அழியும் உயிரினங்களின் வாணிபம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் முதல் பின்னிணைப்பிலும் இருக்கிறது. அப்படிப்பட்ட கஞ்சிராவை எல்லை தாண்டிக் கொண்டுபோவது குற்றம். ஆட்டுத்தோலோ செயற்கைத் தோலோ போர்த்திய கஞ்சிராவுடன் இரண்டு மாதமாவது பழகிவிட்டுப் போக வேண்டும். விரலுக்கு அது வேறு வாத்தியம்.

இதே கவனம் மற்றவற்றுக்கும் வேண்டும். பழைய வீணைகளில் யானைத் தந்த வேலைப்பாடும் மான்கொம்புப் பூண்களும் உண்டு. நாகஸ்வரத்தில் மாற்றுச் சீவாளிகளோடு தொங்கும் ஊசி பழைய வாத்தியங்களில் தந்தத்தால் ஆனது. பரம்பரைச் சொத்து என்று சொன்னால் சுங்க அதிகாரி விடமாட்டார். அவற்றை வீட்டில் வைத்துவிட்டுப் போவதே வழி. மயிலாட்டம், காவடிக் குழுக்கள் மயிலிறகைக் கொண்டுபோக இந்தியச் சட்டம் இடம் தருவதில்லை. அவர்களுக்குச் செயற்கை இறகுதான். ரோஸ்வுட் மரத்தில் செய்த வாத்தியங்களுக்கு 2017 தொடக்கத்தில் வந்த அனுமதிச் சிக்கல், செய்து முடித்த இசைக்கருவிகளைப் பொறுத்தவரை 2019 நவம்பரில் நீங்கியது. பலா மரத்தில் செய்த வீணை, மிருதங்கம், தம்புராவுக்கு அந்தச் சிக்கல் என்றுமே இருந்ததில்லை.

நாகஸ்வரக்காரருக்குச் சீவாளிதான் உயிர். காவிரிக்கரை நாணலில் செய்த சீவாளி வறண்ட காற்றில் வெடிக்கும், அல்லது வாய் இறுகிச் சுருதி ஏறும். பழகிப் பதம் வந்த சீவாளிகள் பலவற்றைச் சிறு டப்பாவில் ஈரத்துணியோடு வைத்துக் கைப்பையில் எடுத்துப் போவதுண்டு. தவிலில் இரும்பு வளையமும் முறுக்காணியும் வந்த பிறகு பயணம் எளிதாகிவிட்டது. பூவரசங்கழியையும் விரல்கூடுகளையும் மாற்றோடு எடுத்துக்கொண்டால் போதும். பறைக்குழுவுக்கு வேறொரு நெருக்கடி. நெருப்பில் காய்ச்சித்தான் பறை ஒலிக்கும். வெளிநாட்டு அரங்கில் நெருப்பு மூட்ட முடியாது, புகை எச்சரிக்கை மணி அடித்து அரங்கமே காலியாகும். மின் சூடேற்றியோ தலைமுடி உலர்த்தியோ வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு, ஊரிலேயே அதில் காய்ச்சிப் பழக வேண்டும். செயற்கைத் தோல் பறை ஒன்று துணைக்கு இருக்கட்டும். தொடக்கத்தில் குத்துவிளக்கு ஏற்றுவதற்கும் அரங்கின் அனுமதி தேவைப்படும்.

சுருதிப்பெட்டிக்கு மின்சாரம் பார்க்க வேண்டும். இங்கே 230 வோல்ட், அமெரிக்காவில் 120. நேரே செருகினால் பெட்டி வேலை செய்யாது. பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் வோல்ட் ஒன்றே, செருகி மட்டும் வேறு. கைப்பேசியில் தம்புராச் செயலி வைத்திருப்பவர் அதை விமானப் பயன்முறையில் வைத்தே மேடைக்குப் போக வேண்டும். மாற்று மின்கலங்களும் பவர் பேங்கும் சரக்குப் பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில்தான்.

சுங்கம்

விலையுயர்ந்த வாத்தியத்தைக் கொண்டுபோகும்போது சென்னை விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கி வைத்தால், திரும்பும்போது அது வெளிநாட்டில் வாங்கியதோ என்ற கேள்வி எழாது. வாத்தியங்களின் பெயர், செய்பொருள், அளவு, மதிப்பு, படம் எல்லாம் கொண்ட பட்டியல் ஒன்றை ஆங்கிலத்தில் அச்சிட்டு, அழைப்புக் கடிதத்தோடு ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு பிரதி இட வேண்டும். மிருதங்கமும் தவிலும் இரு பக்கமும் மூடியவை. உள்ளே என்ன என்று கேட்பது அதிகாரியின் கடமை. அறுத்துப் பார்க்காமல் இருக்க இந்தப் பட்டியல் உதவும். ஒலிக்கருவிகளும் நிறைய வாத்தியங்களும் கொண்டுபோகும் பெரிய குழுக்கள், ஃபிக்கி வழங்கும் ‘ஏ.டி.ஏ. கார்னே’ என்ற தற்காலிக இறக்குமதி ஆவணம் தங்களுக்குப் பொருந்துமா என்று விசாரிக்கலாம்.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தோல், மரம், நாணல், விதை எதையும் சந்தேகத்தோடுதான் பார்க்கும். மிருதங்கத்தையும் சீவாளியையும் வருகைப் படிவத்தில் எழுதிக் காட்டினால் பெரும்பாலும் சோதித்துவிட்டுத் தருவார்கள். எழுதாமல் பிடிபட்டால் அபராதம். பூ, வெற்றிலை, தேங்காய், மஞ்சள் கிழங்கு ஆகியவற்றை அங்கேயே வாங்கிக்கொள்வது நல்லது. அமைப்பாளரிடம் சொன்னால் உள்ளூர் இந்தியக் கடையில் கிடைக்கும்.

உடம்பும் குரலும்

கிளீவ்லாந்தில் மாலை 6 மணிக் கச்சேரி என்றால் சென்னைக் கடிகாரத்தில் அது விடியற்காலை 3.30. லண்டனில் கோடைக்கால 7 மணிக் கச்சேரி இங்கே இரவு 11.30. சிங்கப்பூரில் 7.30 என்றால் இங்கே மாலை 5. அங்கே கவலை இல்லை. இந்தக் கணக்கை வைத்தே புறப்படும் நாளை முடிவு செய்ய வேண்டும். அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு மூன்று இரவாவது முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். ஒரு நாள் தங்கும் செலவை மிச்சப்படுத்த, இறங்கிய மறுநாளே மேடை ஏற்றும் அமைப்பாளரிடம் இதைக் கண்டிப்பாகப் பேச வேண்டும். வாங்கிய சன்மானத்துக்கு உரிய பாட்டைத் தருவது அந்த ஒரு கூடுதல் இரவுதான். போய்ச் சேர்ந்த நாளில் பகலில் வெளிச்சத்தில் நடப்பதும், மாலைத் தூக்கத்தை அரைமணிக்குள் நிறுத்துவதும் உடம்பைச் சீக்கிரம் திருப்பும்.

விமானத்துக்குள் காற்று மிக வறண்டது. பத்துப் பதினைந்து மணி நேரம் அதில் இருந்த தொண்டை மறுநாள் மேல் ஸ்தாயியில் காட்டிவிடும். வெந்நீர் அடிக்கடி குடிப்பதும், மூக்கையும் வாயையும் மூடும் பருத்தித் துணியும், இறங்கியபின் ஆவி பிடிப்பதும் பலன் தரும். சளி மாத்திரைகளில் பல தொண்டையை மேலும் உலர்த்தும். பாடகர் மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது. மருந்துகள் உறையோடும் சீட்டோடும் இருக்கட்டும். இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் சில வலி மாத்திரைகளும் இருமல் மருந்துகளும் வளைகுடா நாடுகளில் தடை செய்யப்பட்டவை. சைவச் சாப்பாடு எங்கும் கிடைக்கிறது என்றாலும், கச்சேரி நாளன்று பழகிய தயிர்சாதமும் ரசமும் கிடைக்க ஒரு வீட்டில் சொல்லி வைப்பது பல அமைப்பாளர்கள் மகிழ்ந்து செய்வது.

மேடையும் நேரமும்

வெளிநாட்டு அரங்கின் ஒலிப் பொறியாளர் தன் வேலையில் கைதேர்ந்தவராக இருப்பார். கர்நாடகக் கச்சேரியை மட்டும் பார்த்திருக்க மாட்டார். யார் எங்கே உட்காருவார்கள் என்ற படத்தை இரண்டு வாரம் முன்பே அனுப்ப வேண்டும். தரைவிரிப்பு விரித்த, ஓர் அடி உயர மேடை. பாடகருக்கு ஒரு மைக், வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு வலந்தலைக்கும் தொப்பிக்குமாக இரண்டு, கடத்துக்குத் தாழ்வாக ஒன்று. எல்லாம் உட்கார்ந்த உயரத்துக்கான தண்டுகளில். திரும்பொலிப் பெட்டியில் தம்புரா கேட்க வேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் எழுதலாம். சுருதி காதில் விழாத மேடையில் எவ்வளவு பெரிய வித்வானும் தடுமாறுவார். குளிர்காற்று நேரே மிருதங்கத்தில் இறங்காதபடி இருக்கை அமைய வேண்டும். ஒலிச் சோதனையில் பாதி நேரத்தைச் சுருதி சேர்ப்பதில் செலவிடாமல், வாத்தியங்கள் முன்பே சேர்ந்து தயாராக இருப்பது பொறியாளருக்குக் காட்டும் மரியாதையும்கூட.

நேரம் கண்டிப்பானது. 75 நிமிடம் என்றால் மங்களமும் அதற்குள். அரங்கப் பணியாளர்களுக்கு அதற்கு மேல் மிகைநேரக் கூலி தொடங்கிவிடும். மூன்று மணிக் கச்சேரியைச் சுருக்கும்போது பலர் செய்வது, எல்லாவற்றையும் துண்டுதுண்டாகக் குறைத்து ஏழெட்டு உருப்படிகளை நிரப்புவது. கேட்பவருக்கு எதுவும் நிற்காது. ஒரு ராகத்தையாவது முழுசாகக் காட்டிவிட்டு வருவதே நல்லது: விறுவிறுப்பான தொடக்கம் 7 நிமிடம், ஸ்வரத்தோடு ஒரு கீர்த்தனை 12, சௌக்க காலத்தில் ஒன்று 8, பிறகு ஆலாபனை, நிரவல், தனி ஆவர்த்தனம் சேர்ந்த பிரதான உருப்படிக்கு 32, துக்கடா இரண்டு 12, மங்களம் 2. நேரம் போதவில்லை என்று தனி ஆவர்த்தனத்தில் கை வைப்பதுதான் பெரும் பிழை. ராகம் தெரியாத ரசிகரும் முதலில் பற்றிக்கொள்வது லயத்தைத்தான். 8 நிமிடத்தில் மிருதங்கமும் கடமும் பேசி, கோர்வையில் வந்து சமத்தில் இறங்கும்போது அரங்கம் முழுவதும் உள்ளே வந்துவிடும்.

தியாகராஜ ஆராதனை போன்ற விழாவில் விளக்கம் தேவையில்லை. புதிய ரசிகர்கள் முன் பாடும்போது ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு வாக்கியம் போதும், அதுவும் அச்சிட்ட குறிப்பில் இல்லாதவற்றை மட்டும். குறிப்பை ஒரு மாதம் முன்பே அனுப்ப வேண்டும். ராகப் பெயர்களின் எழுத்துக்கூட்டலையும் இயற்றியவர் பெயரையும் குழுவே எழுதித் தந்தால் அமைப்பாளர் இணையத்தில் தேடி எடுத்த பிழைகள் மேடைக்கு வரா. பக்கவாத்தியக் கலைஞர்களின் பெயர் பாடகர் பெயருக்கு இணையான எழுத்தில் வருகிறதா என்று சுவரொட்டி அச்சாகும் முன் பார்த்துவிட வேண்டும்.

திரும்பிய பிறகு

புறப்படும்போது ஆளுக்கு 3,000 அமெரிக்க டாலருக்குச் சமமான வெளிநாட்டு நோட்டுகளைத்தான் எடுத்துப் போக முடியும். திரும்பும்போது நோட்டாக 5,000 டாலருக்கு மேல், அல்லது காசோலை வகையும் சேர்ந்து 10,000 டாலருக்கு மேல் இருந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். 2,000 டாலர் வரை கையில் வைத்துக்கொண்டு மீதியை 180 நாளுக்குள் வங்கியில் மாற்றிவிட வேண்டும். சன்மானத்தை ரொக்கமாக வாங்காமல் வங்கி வழியே வரவழைப்பது எல்லா விதத்திலும் மேல். வரிச் சான்றோடு கணக்கும் பொருந்தும்.

வாத்தியப் பெட்டிகளை வீட்டுக்கு வந்த அன்றே திறக்க வேண்டும். வறண்ட காற்றிலிருந்து ஈரக் காற்றுக்கு வந்த தோலும் மரமும் மறுபடி மாறும். விரிசல் இருந்தால் முதல் வாரத்தில் தெரியும். காப்பீட்டுக் கோரிக்கைக்கும் விமான நிறுவனத்திடம் முறையிடவும் குறுகிய கெடுவே உண்டு, சரக்குப் பெட்டிச் சேதத்தை எழுத்தில் தெரிவிக்க 7 நாள்தான். பக்கவாத்தியக்காரர்களின் பங்கை, அமைப்பாளரின் கடைசித் தவணைக்காகக் காத்திராமல், பேசியபடி குழுத் தலைவர் கொடுத்துவிட வேண்டும். வரி பிடித்தமும் பங்குக்கு ஏற்ப ஒவ்வொருவர் பெயரிலும் பிரிந்திருக்கிறதா என்று சான்றில் பார்த்து, அவரவருக்குப் பிரதி அனுப்பியதும் பயணக் கணக்கு முடிகிறது.